ஆற்றின் வரவு செலவு



ஓர் ஆற்றங்கரையில் நின்று ஓடும் நீரைப் பார்க்கும்போது நம் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். இந்த நீர் எங்கிருந்து வந்தது? எவ்வளவு வந்தது? அதில் எவ்வளவை நாம் எடுத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த தலைமுறையும் குறையின்றி வாழும்? முதல் வினாவுக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாவதற்கு அளவுகோல் வேண்டும். மூன்றாவதற்கு அளவுகோலோடு கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன். நீரியல் அறிஞர்கள் அதனை ஆற்றோட்டத்தின் கணித மாதிரி என்பர்.

கடல்நீரை முகந்த மேகமே மழையாகப் பொழிகிறது என்பதை நம் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். ஆயினும் ஐரோப்பாவில் நெடுங்காலம் வேறு கருத்தும் நிலவியது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகளுக்கு மழைநீர் மட்டும் போதாது என்றும், கடல்நீர் பூமிக்கடியில் உள்ள குகைவழிகளால் மலைகளுக்கு ஏறி ஊற்றாக வெளிப்படுகின்றது என்றும் பலர் நம்பினர். இந்த நம்பிக்கையைக் கணக்கால் உடைத்தவர் பிரெஞ்சு நாட்டினரான பியேர் பெர்ரோ என்பவர். அவர் பேராசிரியர் அல்லர். வரி வசூலிக்கும் அதிகாரியாக இருந்தவர். சிண்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல் பெர்ரோவின் உடன்பிறந்தவர். வரவு செலவு எழுதிப் பழகிய அவர், ஆற்றையும் ஒரு பேரேடாகவே நோக்கினார்.

பாரிசு நகர் வழியாக ஓடும் சேன் ஆற்றின் தலைப்பகுதியை அவர் தேர்ந்துகொண்டார். ஆறு தோன்றும் இடத்திலிருந்து ஒரு சிற்றூர் வரையில், அதற்கு நீர் வழங்கும் நிலத்தின் நீள அகலங்களைக் கணித்தார். மூன்று ஆண்டு மழையின் சராசரி ஏறத்தாழ 19 அங்குலம் என்று கண்டார். நிலத்தின் பரப்பை மழையின் உயரத்தால் பெருக்கினார். பெய்த நீரின் மொத்த அளவு கிடைத்தது. பின்னர் அவ்விடத்தில் ஓராண்டில் ஆறு கொண்டுசெல்லும் நீரை மதிப்பிட்டு இரண்டையும் ஒப்பிட்டார். ஆற்றில் ஓடிய நீர், பெய்த மழையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே! மழை போதாது என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது. 1674ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலை நீரியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றுகின்றனர். ஆற்றின் ஓட்டத்தை மதிப்பிட அவர் கையாண்ட வழி பரும்படியானதே. ஆயினும் வினாவைக் கணக்காக மாற்றிய அந்த முறை பழுதற்றது.

பெர்ரோ கண்டது ஒரு புதிய வினாவையும் எழுப்பிற்று. ஆறில் ஒரு பங்கு ஆற்றில் ஓடியது எனின், மற்ற ஐந்து பங்கு எங்கே போயிற்று? இதற்கு விடை காண, ஆற்றுக்கு நீர் வழங்கும் நிலத்தை நாம் அறிதல் வேண்டும். ஓர் இடத்தில் நின்று, இங்கே எந்த எந்த நிலத்தில் விழும் மழைநீர் வந்து சேரும் என்று கேட்டு, அந்நிலத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால், அதற்குள் அடங்கியதே நீர்ப்பிடிப்பு நிலம். அந்தக் கோடு பெரும்பாலும் மேடுகளின் உச்சி வழியே செல்லும். கோட்டுக்கு இப்புறம் விழும் துளி நம் ஆற்றுக்கு. அப்புறம் விழும் துளி பிறிதோர் ஆற்றுக்கு. ஊர் எல்லையையோ மாவட்ட எல்லையையோ அக்கோடு மதிப்பதில்லை.

இந்நிலத்தின் பேரேட்டில் வரவு ஒன்றே; அது மழை. செலவு மூன்று. வெயிலில் ஆவியாவதும், பயிரும் மரமும் வேரால் உறிஞ்சி இலையால் விடுவதும் முதற்செலவு. ஆழத்தில் இறங்கி நிலத்தடி நீராவது இரண்டாவது. ஓடையாகவும் ஆறாகவும் ஓடுவது மூன்றாவது. மண்ணின் துளைகளில் தங்கியிருக்கும் ஈரம் கையிருப்பு. வரவிலிருந்து செலவைக் கழித்தால் கையிருப்பு எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பது தெரியும். இந்தக் கணக்கில் ஒரு துளியும் மாயமாக மறைவதில்லை. ஒரு பக்கத்தில் குறைந்தால் மற்றொரு பக்கத்தில் அது இருந்தே தீரும்.

நம் உழவர்கள் இதனை ஏட்டில் எழுதாமலே அறிவர். 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று அவர்கள் கூறுவது, வானத்திலிருந்து விழுந்த நீரை மட்டும் குறிப்பதன்று. மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதையும் குறிப்பது. கோடையில் வறண்ட நிலத்தில் பெய்த முதல் மழைக்கு ஓடை ஓடாது என்பதும், ஐப்பசி கார்த்திகையில் அதே அளவு மழைக்கு ஏரி கலிங்கு பாயும் என்பதும் அவர்கள் பட்டறிவு. அந்தப் பட்டறிவை எண்ணாக மாற்றுவதே கணித மாதிரியின் வேலை.

அதனை இப்பொழுது நாமே செய்து பார்ப்போம். ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்பு நிலத்தைக் கற்பனை செய்வோம். அதன் மண் முழுவதையும் ஒரு தொட்டியாகக் கொள்வோம். அத்தொட்டி 100 மில்லிமீட்டர் நீரைக் கொள்ளும். நாள்தோறும் 4 மில்லிமீட்டர் ஆவியாகக் குறையும். அடியில் உள்ள சிறு துளை வழியே, இருப்பதில் இருபதில் ஒரு பங்கு நாள்தோறும் கசிந்து ஓடையைச் சேரும். தொட்டி நிரம்பிய பின் பெய்வது அப்படியே வழிந்து ஓடும். நம் மாதிரிக்கு இவ்வளவே விதி.

தொட்டியில் 20 மில்லிமீட்டர் மட்டும் இருக்கும்போது 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்க. தொட்டியில் 70 ஆகும், வழிவது ஒன்றுமில்லை. ஓடையில் கசிவு சற்றே மிகும், அவ்வளவுதான். இனி, தொட்டியில் ஏற்கெனவே 90 இருக்கும்போது அதே 50 மில்லிமீட்டர் பெய்கிறது. பத்து உள்ளே அடங்கும்; நாற்பது வழியும். 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் 40 மில்லிமீட்டர் என்பது 4,00,000 கன மீட்டர். அதாவது 40 கோடி லிட்டர்! வானம் இரு முறையும் ஒரே அளவே தந்தது. நிலம் முன்பு இருந்த நிலையே ஒன்றை ஈரமாகவும் மற்றொன்றை வெள்ளமாகவும் ஆக்கிற்று.

இதனை ஏட்டுக் கணக்கு என்று எண்ணிவிட வேண்டா. 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மண் நிறைந்தது, ஏரிகள் நிறைந்தன. அந்நிலையில் டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. நிரம்பிய தொட்டியின்மேல் விழுந்த மழை அது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறக்கப்பட்டது. இந்த வேகத்தில் விட்டால், புதிய நீர் வராதபோது, நிரம்பிய ஏரியே சுமார் 35 மணி நேரத்தில் வற்றிப்போகும் என்பதை வகுத்துப் பாருங்கள். அடையாற்றில் அன்று ஓடியது இந்த நீர் மட்டுமன்று. ஆதனூர், மணிமங்கலம் பகுதிகளின் ஏரிகளிலிருந்து வழிந்த வெள்ளமும் அதனோடு சேர்ந்தது. பலர் உயிரிழந்தனர், எண்ணற்றோர் வீடிழந்தனர்.

ஓர் ஏரியின் மதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது நீர்மட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யத்தக்கதன்று. மேலே எவ்வளவு மழை பெய்கிறது, அது எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும், கீழே ஆற்றில் வேறு எந்த நீர் கலக்கிறது என்ற மூன்றும் முன்னரே கணக்கிடப்பட வேண்டும். முன்னதாகச் சிறிது திறந்தால் ஏரியில் இடம் உண்டாகும். ஆனால் மழை பொய்த்துவிட்டால் கோடையில் குடிநீருக்குத் திண்டாட நேரும். இந்த இரு அச்சங்களுக்கும் இடையே நின்று முடிவெடுப்பவர்க்குத் துணையாவது கணக்கு ஒன்றே.

மழை எவ்வளவு நீராக மாறும் என்பதைப் போலவே, அது எப்போது வந்து சேரும் என்பதும் முதன்மையானது. அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் மல்வனி என்பவர் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை ஆராய்ந்தார். நிலத்தின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி ஆற்றின் வாயை அடையும் நேரத்தை அவர் முதன்மையாகக் கொண்டார். அந்நேரம் முழுவதும் மழை விடாது பெய்தால்தான் நிலம் முழுவதன் நீரும் ஒருங்கே வந்து வெள்ளம் உச்சத்தை எட்டும் என்றார். 1932இல் அமெரிக்கப் பொறியாளர் ஷெர்மன் மேலும் ஒரு படி சென்றார். ஒரு நிலத்தில் ஓரலகு மழைநீர் வழிந்தோடும்போது ஆறு ஏறி இறங்கும் வடிவத்தை ஒருமுறை அறிந்துகொண்டால், வெவ்வேறு மழைகளுக்கு அதனைப் பெருக்கியும் கூட்டியும் வெள்ளத்தை முன்கூட்டியே வரையலாம் என்று காட்டினார். கணிப்பொறி வந்த பின் வேலை விரிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிராபோர்டு, லின்ஸ்லி என்ற இருவர் 1966இல் வெளியிட்ட மாதிரி, மழை முதல் ஆற்றோட்டம் வரையில் எல்லாப் படிகளையும் தொடர்ந்து கணக்கிட்டது. நாம் வரைந்தது ஒரே தொட்டி. அவர்கள் பல தொட்டிகளை அடுக்கினர். கருத்து ஒன்றே.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடமை. எந்த மாதிரியும் தானே உண்மையாகிவிடாது. தொட்டியின் அளவு 100 என்றேன். ஏன் 80 ஆகாது? துளை இருபதில் ஒரு பங்கு என்றேன். ஏன் பதினைந்தில் ஒரு பங்கு ஆகாது? இந்த எண்களை முன்பின் மாற்றி, கடந்த ஆண்டுகளின் ஆற்றோட்டத்தோடு பொருந்தச் செய்துவிடலாம். மழையைக் குறைத்து அளந்த பிழையும், ஆவியாதலைக் குறைத்து மதித்த பிழையும் ஒன்றையொன்று மறைத்து, விடை சரியாக வந்ததுபோல் தோற்றமளிக்கவும் கூடும். வகுப்பில் பயிற்சிக் கணக்குகளின் விடையை மனப்பாடம் செய்த மாணவனை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். அவனுடைய ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். புதிய கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினால்தான் அவன் கற்றானா, உருப்போட்டானா என்பது வெளிப்படும்.

மாதிரிக்கும் அத்தகைய தேர்வு உண்டு. இருபது ஆண்டுப் பதிவு இருந்தால், முதற்பத்து ஆண்டுகளைக் கொண்டு எண்களை நிலைப்படுத்த வேண்டும். அடுத்த பத்து ஆண்டுகளின் ஆற்றோட்டத்தை மறைத்து வைத்து, மழையை மட்டும் கொடுத்து, ஓட்டத்தைக் கணக்கிடச் செய்ய வேண்டும். பிறகே மறைத்த ஏட்டைத் திறந்து ஒப்பிட வேண்டும். கிளமெஷ் என்ற நீரியல் அறிஞர் 1986இல் இதனினும் கடிய தேர்வை வற்புறுத்தினார். மழை மிகுந்த ஆண்டுகளில் பயின்ற மாதிரியை வறண்ட ஆண்டுகளில் சோதிக்க வேண்டும் என்றார். பூமி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் அத்தேர்வு இன்றியமையாதது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. ஆதலின் பெருமழைகள் மேலும் பெருக இடமுண்டு. பழைய ஏடே புதிய காலத்துக்கும் போதும் என்று இருத்தல் இயலாது.

நிலத்தை மாற்றினால் ஆறு எவ்வாறு மாறும் என்பது அடுத்த வினா. நீர்ப்பிடிப்பு நிலத்தைப் பேணுவோர்க்கு இதுவே தலையாய வினா. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. நீலகிரியின் மேட்டு நிலம் இயற்கையில் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக்காடும், சதுப்பும் சேர்ந்தது. விறகுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கே தைலமரம், அதாவது யூக்கலிப்டஸ், பெருமளவில் நடப்பட்டது. மரம் நட்டால் மழைநீர் பெருகும் என்பது பொது நம்பிக்கை. அது உண்மையா என்று உதகமண்டலத்து மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்தனர்.

கிளன்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே உள்ள, ஏறத்தாழ ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்பு நிலங்களை அவர்கள் தேர்ந்தனர். 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டையும் மாற்றாமல் விட்டு, இரண்டின் ஓட்டத்தையும் அளந்து, ஒன்றின் ஓட்டத்திலிருந்து மற்றொன்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் தொடர்பை நிலைநாட்டினர். 1972இல் ஒன்றில் மட்டும், பாதிக்கு மேற்பட்ட பரப்பில், தைலமரம் நட்டனர். மற்றதைப் புல்வெளியாகவே விட்டனர். மரம் நடாதிருந்தால் எவ்வளவு நீர் ஓடியிருக்கும் என்பதைத் தொடர்பு கூறிற்று. எவ்வளவு ஓடியது என்பதை அளவி கூறிற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மரத்தின் செயல். முதற்பத்து ஆண்டுகளில் ஓடை நீர் சராசரியாக நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. மரங்களை வெட்டிய பின் அடிக்கட்டைகள் தழைத்து வளர்ந்த அடுத்த சுற்றில், குறைவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிற்று. வேர்கள் முன்பே ஆழப் பரவியிருந்தமையால் மறுதழைவு மேலும் மிகுதியாக நீரை உறிஞ்சியது.

அமெரிக்காவில் வட கரோலினாவின் கோவீட்டா ஆராய்ச்சிக் காட்டிலும் இவ்வாறே கண்டனர். இலையுதிர் காடு இருந்த இடத்தில் ஊசியிலை மரமான பைனை வளர்த்தபோது, சில ஆண்டுகளில் ஓடை நீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆண்டு முழுவதும் இலையுள்ள மரம், ஆண்டு முழுவதும் நீரைச் செலவழிக்கின்றது.

இதனால் மரமே வேண்டா என்று கொள்ளுதல் பிழை. மரம் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது, சரிவுகளைக் காக்கிறது, நிழலும் விறகும் தருகிறது. ஆனால் அது நீரையும் செலவு செய்கிறது. எந்த நிலத்தில், எந்த மரத்தை, எவ்வளவு பரப்பில் வளர்ப்பது என்பதைக் கணக்கறிந்து முடிவு செய்தல் வேண்டும். கிளன்மார்கனின் அண்டையில் ஓடும் பைக்காரா ஆற்றின் நீரில் 1932 முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு வருகின்றது. அந்நீர் மாயாறாகி, பவானியோடு சேர்ந்து, காவிரியில் கலந்து, சமவெளியின் வயல்களை அடைகிறது. மலைமேல் புல்லுக்குப் பதில் நட்ட மரம், கீழே கால்வாய்க் கடைமடையில் இருக்கும் உழவரின் கணக்கிலும் எழுதப்படுகின்றது.

இதுபோன்றே, மேலூரார் தம் ஓடையில் தடுப்பணை கட்டினால் அவர்கள் கிணறுகளில் நீர் ஊறும். கீழூர் ஏரிக்கு வரும் நீர் குறையும். எவ்வளவு ஊறும், எவ்வளவு குறையும்? கட்டுவதற்கு முன்னரே இதனைக் கூற வல்லது தேர்வில் தேறிய மாதிரி ஒன்றே. அது இல்லாதபோது உரத்த குரலுடையவர் பங்கு பெரிதாகும். குரலற்ற கடைமடைக்காரர் பங்கு வறளும். கணக்கு இருந்தால் இரு ஊராரும் ஒரே ஏட்டை வைத்து அமர்ந்து பேசலாம். ஆற்றில் வாழும் மீனுக்கும், கழிமுகத்தில் கடல்நீர் உட்புகாமல் தடுக்கும் நன்னீருக்கும் ஒரு பங்கை அந்த ஏட்டிலேயே ஒதுக்கி வைக்கவும் இயலும்.

ஆனால் ஏட்டில் எழுத அளவு வேண்டுமன்றோ? கணிப்பொறி எத்துணை விரைவானதாயினும், அளக்காத மழையை அது அறியாது. ஆதலின் மாணவராகிய நீங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பள்ளி முற்றத்தில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், ஒரு மழைமானியை நிறுவுங்கள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து குறியுங்கள். மழை இல்லாத நாளில் சுழி என்று எழுதுங்கள், வெற்றிடம் விடாதீர்கள். சுழியும் ஓர் அளவே.

ஊரில் வாய்க்கால் இருப்பின் அதன் ஓட்டத்தையும், ஆசிரியர் உடனிருக்க, ஆழமற்ற இடத்தில் அளக்கலாம். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்க. குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டால் 20 மீட்டர் தூரத்தை 40 வினாடியில் கடக்கிறது. வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரினும் விரைந்து ஓடுமாதலால் அதனை 0.85ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு 0.85 கன மீட்டர், அதாவது 850 லிட்டர் ஓடுகிறது. ஒரு நாளைக்கு அது 7 கோடி லிட்டருக்கு மேல் ஆகும். ஒரு சிறு வாய்க்கால் ஒரு நாளில் எவ்வளவு கொண்டுசெல்கிறது என்பதை உங்கள் கையாலேயே கண்டபின், நீரை வீணாக்க மனம் வராது.

ஒரு பள்ளியின் பத்தாண்டு மழைக் குறிப்பு சிறிய ஏடுதான். ஆயினும் நாளை ஒரு பொறியாளர் உங்கள் ஊர் ஏரிக்குக் கணக்கிட வரும்போது, அருகில் அளவி எதுவும் இல்லாத அவ்விடத்தில், அந்த ஏடு அவருக்குப் பெருந்துணையாகும். இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னரே முதற்பக்கத்தில் கோடு போட்டு வையுங்கள்.